முப்பத்தெட்டுப் பக்க வெப்சைட்

"மூணு பக்கம் போதுமுங்கக்கா" என்று அவர் சொன்னதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பர் துபாயில் மீனா பஜாருக்குப் பின்பக்கத்துச் சந்தில் இருக்கும் ஒரு சின்ன கஃபெட்டீரியாவில் உட்கார்ந்திருந்தோம். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். ஒரு கம்பெனியில் பல வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, இப்போது தனியாக வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். டீ வருவதற்குள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டார். முதல் கட்டத்தில் நாங்கள் செய்யும் வேலையும் விலையும். இரண்டாவதில், சேலையை எப்படி அனுப்புவது, எத்தனை நாளில் திரும்பி வரும் என்பது. மூன்றாவதில் ஆர்டரும் அளவும்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதானுங்க. நாளைக்குத் தொழில் பெருசாச்சுன்னா சேர்த்துக்கலாமுங்க. இப்பவே எதுக்கு?"

எனக்குத் தெரிந்து துபாயில் யாரும் வேலையைக் குறைத்துச் சொன்னதில்லை. ஏசி பழுது பார்க்க வந்தவர்கூட மோட்டாரையே மாற்ற வேண்டும் என்றுதான் ஆரம்பிப்பார். இவர் மட்டும் ஏன் வேண்டாம் என்கிறார்? வேலை தெரியாதோ? கையில் வேறு பெரிய வேலை இருந்து, என்னுடையதைச் சட்டென்று முடித்துவிட்டுப் போகப் பார்க்கிறாரோ? அந்தத் தாளை நான் கேட்டு வாங்கியபோது, கொடுப்பதற்கு முன் தன் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டார். அது எதற்கு என்றும் யோசித்தேன். கேட்கவில்லை. "வீட்டில பேசிட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சேலை கட்ட நேரம் இல்லாத, அல்லது கட்டவே வராத பெண்கள் இங்கே நிறைய. அவர்கள் சேலையை வாங்கி, அவரவர் இடுப்புக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி முன்கூட்டியே கொசுவம் எடுத்து, முந்தானை மடிப்பு வைத்து, அயர்ன் செய்து, பின் குத்தி, பெட்டியில் மடித்துக் கொடுப்போம். எடுத்து இடுப்பில் சுற்றிச் செருகினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டிலிருந்து தொழில் செய்வதற்கான லைசென்ஸ் எடுத்து, ஹாலில் ஒரு நீள மேசை போட்டு ஆரம்பித்தேன்.

'கொடுப்போம்' என்று சொன்னேன் அல்லவா, அதில் என்னோடு இருக்கும் இன்னொருவர் எதிர் ஃப்ளாட்டில் இருப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் ஒரு ஹோட்டலில் கணக்கு வேலை. நான் அவரை அக்கா என்பேன், அவரும் என்னை அக்கா என்பார். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்பதை இருவருமே விசாரித்ததில்லை. கொசுவம் எடுப்பதில் அவர் கை எனக்கு வராது. வழுக்குகிற ஷிஃபானில்கூட ஏழு மடிப்பும் ஒரே அகலத்தில் நிற்கும். அதனால் மடிப்பது அவர், ஆட்களிடம் பேசுவதும் அளவு வாங்குவதும் நான் என்று பிரித்துக்கொண்டோம். வருவதில் ஆளுக்குப் பாதி.

ஆர்டர் எல்லாம் போன் மெசேஜில்தான் வந்தது. அதில்தான் வினையும் வந்தது. ஒரு முறை கராமாவில் இருந்த நெட்டையான பெண்ணின் அளவையும், ஷார்ஜாவில் இருந்த குள்ளமான பெண்ணின் அளவையும் மாற்றி எழுதிவிட்டேன். கல்யாண வீட்டுக் காலையில் கராமாக்காரி சேலையைச் சுற்றினால் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. போனில் அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்குத்தான், ஆர்டரையும் அளவையும் அவரவரே எழுதி அனுப்புகிற மாதிரி ஒரு வெப்சைட் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கோயம்புத்தூர்க்காரர் மூன்று பக்கம் போதும் என்றதை என் கணவரிடம் சொன்னேன். அவர் ஜெபல் அலி பக்கம் ஒரு கட்டிட சைட்டில் சேஃப்டி ஆபீசர். எதையும் முதலில் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குபவர்.

"கூடச் சொல்றவனத்தான் சந்தேகப்படணும். கொறச்சுச் சொல்றவன எதுக்குச் சந்தேகப்படுற?" என்றார்.

"உங்களுக்கு நான் பெருசா வர்றது பிடிக்கல" என்றேன். சொன்ன பிறகுதான் அப்படி ஒரு எண்ணம் எனக்குள் இருந்ததே எனக்குத் தெரிந்தது. அவர் ஹெல்மெட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் பிசினஸ் பேயில் ஒரு கம்பெனிக்குப் போனேன். கண்ணாடிக் கட்டிடம், உயரமான மாடி, உட்கார்ந்தவுடன் காப்பி. என்னோடு பேசியவர் கோட் போட்டிருந்தார். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். நான் பையிலிருந்து அந்த மூன்று கட்டத் தாளை எடுத்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பாவம் என்பது போலப் பார்த்தார்.

"மேடம், சோட்டா சைட், சோட்டா பிசினஸ்" என்றார். சைட் சின்னதென்றால் தொழிலும் சின்னதுதானாம்.

பிறகு லேப்டாப்பைத் திருப்பி, ஷார்ஜாவில் இதே வேலை செய்யும் ஒரு கடையின் வெப்சைட்டைக் காட்டினார். கீழே இழுக்க இழுக்கப் பக்கங்கள் வந்துகொண்டே இருந்தன. "தேடுறவங்க எந்த ஊர்ல இருந்து தேடினாலும் இவங்கதான் முதல்ல வருவாங்க. உங்க மூணு பக்கம் எங்க வரும்?" என்று அவர் இந்தியில் கேட்டபோது, கோயம்புத்தூர்க்காரர் என்னை ஏதோ ஒரு குழியில் தள்ளப் பார்த்து, நான் தப்பித்து வந்தது போல இருந்தது. அன்றே முன்பணம் கட்டிவிட்டேன்.

முப்பத்தெட்டுப் பக்கம். பட்டுக்கு ஒரு பக்கம், காட்டனுக்கு ஒரு பக்கம், ஷிஃபானுக்கு, ஆர்கன்சாவுக்கு, நாங்கள் கண்ணாலேயே பார்க்காத துணிகளுக்கெல்லாம் ஒவ்வொரு பக்கம். எமிரேட் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அது போதாதென்று பஹ்ரைன், ரியாத், தோஹா, குவைத், மஸ்கட். ஊர்ப் பக்கங்களை நான் வாசித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், ஊர்ப் பெயரையும் ஏரியாப் பெயரையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். 'இப்போது உங்கள் அருகிலேயே' என்று இங்கிலீஷில் இருந்தது. வாசித்தபோது பொய் என்று தோன்றவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. சரி என்று பதில் அனுப்பியவள் நான்தான், அதை மறைத்துப் பயனில்லை.

'எங்கள் குழு' என்று ஒரு பக்கம். அதில் பத்துப் பன்னிரண்டு பேர் கை கட்டிக்கொண்டு சிரித்தார்கள். யாரோ வெள்ளைக்காரர்கள், யாரோ பிலிப்பினோக்கள். எதிர் ஃப்ளாட் அக்கா கையில் அயர்ன் பாக்ஸோடு வந்து என் போனைக் குனிந்து பார்த்தார்.

"இந்தச் சனம் எல்லாம் ஆர் அக்கா?"

"சும்மா படம். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்களாம்."

"நாங்கள் ரெண்டு பேர்தானே செய்யிறம்? ஆரும் வந்து இவையள் எங்கயெண்டு கேட்டா?"

"யாரு வந்து கேக்கப் போறா?"

அவர் அயர்ன் பாக்ஸோடு மேசைக்குத் திரும்பினார். ஆனால் அன்று முழுக்க ஏதோ யோசித்தபடிதான் மடித்தார். தன் படத்தைப் போடவில்லை என்று வருத்தமோ என்று நினைத்துக்கொண்டேன்.

வெப்சைட் வந்த முதல் வாரம் நானே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதைத் திறந்து பார்த்தேன். திறக்க நேரம் எடுத்தது. படங்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே இறங்கின. பெரிய வீடென்றால் கதவு திறக்க நேரம் ஆகத்தானே செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆர்டர் பக்கத்தின் வழியாக நான்கைந்து ஆர்டர்கள் ஒழுங்காக வந்தன, அளவோடு. அது போதும் எனக்கு, எல்லாம் சரியாக நடக்கிறது என்று நம்ப.

பிறகு போன்கள் வந்தன. முதலில் பஹ்ரைனில் ஈசா டவுனில் இருந்து ஒரு பெண். பிள்ளைகளின் பள்ளிக்கூட விழாவுக்கு அவரும் தோழிகளும் சேலை கட்டுகிறார்களாம், எங்கள் பஹ்ரைன் கிளை எந்தத் தெருவில் என்று கேட்டார். கிளை இல்லை, கூரியரில் அனுப்பலாம் என்றேன். "அப்ப எதுக்குங்க அருகிலேயேன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ரியாத்திலிருந்து ஓர் ஆண் குரல். பின்னால் வண்டிச் சத்தம், யாரோ உருதுவில் விலை கூவும் சத்தம்.

"மேடம், நான் பத்தா பஜார்ல நிக்கிறேன். கடை எங்கனு சொல்லுங்க."

"எந்தக் கடைங்க?"

"உங்க கடைதான். இதுல பத்தான்னு போட்டிருக்கே. காலையிலருந்து சுத்துறேன். போன் கடைக்காரன் எல்லாரையும் கேட்டுட்டேன், மாஃபி மாஃபி, இல்ல இல்லங்கிறான்."

புதுக்கோட்டைப் பக்கம். கட்டிட வேலையில் இருக்கிறார். லீவில் ஊருக்குப் போகிறார், தங்கை கல்யாணம். தங்கைக்கென்று ஒரு பட்டுச் சேலை வாங்கியிருக்கிறார். அதை மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் அவள் அசந்துபோவாள் என்று ரூமில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேம்ப்பில் இருந்து வாரத்துக்கு ஒரு நாள்தான் வண்டி வெளியே விடுகிறது. அந்த ஒரு நாளை என் வெப்சைட்டை நம்பிப் பத்தாவின் சந்துகளில் தொலைத்திருக்கிறார்.

அங்கே கடை இல்லை என்று சொன்னேன். அது எழுதியவர்கள் செய்த தவறு என்றேன். கூரியரில் அனுப்புங்கள், நான் பணம் எதுவும் வாங்காமல் செய்து தருகிறேன் என்றேன்.

"இல்லாத கடைய இருக்குன்னு போட்டவங்ககிட்ட பட்டுச் சேலைய எப்படி மேடம் அனுப்புறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். "ரூம்ல எல்லார்ட்டயும் சொல்லி வைக்கிறேன், இது ஃபிராடுன்னு. வேற யாரும் அலையக் கூடாதுல்ல."

நான் போனை மேசையில் வைத்துவிட்டு, கம்பெனிக்கு அந்தப் பக்கத்தை உடனே எடுக்கச் சொல்லி எழுதினேன். அடுத்த அப்டேட்டில் எடுக்கிறோம் என்று பதில் வந்தது. அடுத்த அப்டேட் எப்போது என்று அதில் இல்லை.

அந்த மாதத்தில் ஆர்டர் குறைந்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் மெசேஜ் அனுப்பினார்: 'இது உண்மையிலேயே நீங்கள்தானா? இத்தனை பெரிய கம்பெனியாக இருக்கிறதே, உங்கள் பெயரில் யாரோ போலியாக நடத்துகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.' நான்தான் என்று நிரூபிக்க ஹாலையும் மேசையையும் படம் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

இவ்வளவும் நடந்தும் என் புத்தி வெப்சைட்டின் பக்கம் போகவில்லை. வேறு ஒரு பக்கம் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், காய்கறி வாங்கிக்கொண்டு லிஃப்ட்டில் இருந்து வெளியே வந்தேன். எதிர் ஃப்ளாட் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் சேலைக் கவர். எதிர் ஃப்ளாட் அக்கா கதவைப் பாதி திறந்து அவளோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும், என் கண்ணுக்குப் பட்டது இதுதான், பேச்சு நின்றது. அந்தப் பெண் லிஃப்ட்டில் ஏறிப் போய்விட்டாள். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். அடுப்பில் ஏதோ கருகும் வாசனை அடித்தது. அதனால்தான் அவசரமாகப் போனார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஆர்டர் ஏன் குறைகிறது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது அல்லவா! மடிப்பவர் அவர். கை அவருடையது. பெட்டிக்குள் தன் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வைத்தால் எனக்கு எப்படித் தெரியும்? மூடிய பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தேன். சீட்டு இல்லை. அவர் போன் ஒலித்தால் காதைத் தீட்டினேன். அவர் பால்கனிக்குப் போய்ப் பேசினால், ஏன் பால்கனி என்று யோசித்தேன். அங்கேதான் எங்கள் கட்டிடத்தில் சிக்னல் நன்றாக வரும், அது எனக்கும் தெரியும்.

கடைசியில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கணவரோடு வேலை பார்ப்பவரின் மனைவி ஷார்ஜாவில் இருக்கிறார். அவரை எதிர் ஃப்ளாட் அக்காவுக்கு நேராகப் போன் செய்யச் சொன்னேன். 'உங்க கை ரொம்ப நல்லாயிருக்காம், தனியா எனக்கு மட்டும் நாலு சேலை செஞ்சு தருவீங்களா' என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க ஆர்டர் எடுக்கறதில்லையாம். எல்லாம் உங்ககிட்டதான் கேக்கணுமாம். உங்க நம்பரத்தான் குடுத்தாங்க."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கெட்டிக்காரி, மோப்பம் பிடித்துவிட்டாள் என்று தோன்றியது. இப்படி ஒரு சோதனை வைத்தேன் என்பதை இன்றுவரை நான் அவரிடம் சொன்னதில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மேசையருகே கேட்டுவிட்டேன். அவர் ஒரு மாம்பழ நிறப் பட்டில் முந்தானை மடித்துக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு பின்.

"அக்கா, கஸ்டமர் யாராவது நேரா உங்ககிட்ட வர்றாங்களா?"

அவர் பின்களை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"ஏன் கேக்கிறியள்?"

"செவ்வாக்கிழமை ஒருத்தி சேலையோட உங்க வாசல்ல நின்னா."

"ஓம். அவ உங்களைத் தேடித்தான் வந்தவ. உங்கட கதவைத் தட்டிப் பாத்திட்டு, ஒருத்தரும் இல்லையெண்டு என்னட்டக் கேட்டவ. பின்னேரம் வாங்கோ எண்டு சொன்னனான்."

"பின்னேரம் யாரும் வரலையே."

"வராட்டி நான் என்ன செய்ய?"

"நான் வந்ததும் ஏன் பேச்சை நிறுத்தினீங்க? அவ நிக்கும்போதே, இவங்கதான்னு என்னைக் காட்டியிருக்கலாம்ல?"

அவர் என்னைப் பார்த்தார். "அவ லிஃப்டுக்குள்ள போன பிறகுதான் நான் உங்களைக் கண்டனான்" என்று மெதுவாகச் சொன்னார். அது எனக்கு உண்மையாகப் படவில்லை.

"ஆர்டர் பாதியாக் கொறஞ்சிருச்சு. எங்கயாவது போகத்தானே செய்யும்?" என்றேன்.

அவர் மேசையிலிருந்த பின்களை மறுபடி எடுத்துக்கொண்டார். அந்தச் சேலையை முடித்தார். அவசரப்படாமல், மடிப்பு மடிப்பாக, கடைசிப் பின் வரைக்கும் முடித்துப் பெட்டியில் வைத்து மூடினார். அயர்ன் பாக்ஸை அணைத்தார். என் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. அதை வளையத்திலிருந்து கழற்றிப் பெட்டியின் மேல் வைத்தார்.

"களவு எடுக்கிற ஆளோட நீங்கள் வேலை செய்ய வேண்டாம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வரவில்லை.

பதினைந்து நாள் நானே மடித்தேன். என் கொசுவம் ஒன்று அகலமாகவும் ஒன்று குறுகலாகவும் வந்தது. ஒரே பட்டுச் சேலையை மூன்று முறை பிரித்து அயர்ன் செய்ததில் ஜரிகையோரம் மடங்கிப்போனது. எதிர்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டால், நான் குப்பை போட வெளியே போவதைத் தள்ளி வைத்தேன்.

அப்போதுதான் அபுதாபியில் இருந்து ஒரு பெண் போன் செய்து கத்தினாள். "மூணு தடவை ஃபார்ம் ஃபில் பண்ணிட்டேன். ஒரு பதில் போட முடியாதா உங்களுக்கு?" அவளிடமிருந்து எனக்கு எதுவும் வந்திருக்கவில்லை. எந்தப் பக்கத்தில் எழுதினாய் என்று கேட்டேன். அபுதாபிப் பக்கத்தில் என்றாள். போனை வைத்துவிட்டு நானே அந்தப் பக்கத்தைத் திறந்து, என் பெயரையே எழுதி ஒரு ஆர்டர் அனுப்பினேன். 'நன்றி, விரைவில் தொடர்பு கொள்வோம்' என்று வந்தது. காத்திருந்தேன். மதியம் வரை எதுவும் வரவில்லை. ஷார்ஜாப் பக்கத்தில் ஒன்று அனுப்பினேன். அதுவும் வரவில்லை. எதிர் ஃப்ளாட்டில் இருந்துகொண்டு ஏதாவது செய்துவிட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் எழுத்தைப் பெரிதாக்கவே என்னைக் கூப்பிடுகிறவர் அவர்.

கோயம்புத்தூர்க்காரரைத் தவிர எனக்கு வேறு யாரையும் தெரியாது. கூச்சத்தோடுதான் போன் செய்தேன். அதே கஃபெட்டீரியாவுக்கு வந்தார். லேப்டாப்பைத் திறந்து என் வெப்சைட்டை அரை மணி நேரம் பார்த்தார். டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது.

"அக்கா, இதுல ஆர்டர் எழுதுற இடம் மூணு தனித்தனியா இருக்குதுங்க. ஆர்டர் பக்கத்துல ஒண்ணு, அது உங்களுக்கு வருது. துணிப் பக்கங்கள்ல ஒண்ணு, ஊர்ப் பக்கங்கள்ல ஒண்ணு. இந்த ரெண்டும் உங்களுக்கு வர்றதில்லைங்க. அந்தக் கம்பெனிக்காரங்க சோதனைக்குன்னு வச்ச ஒரு மெயிலுக்குப் போகுதுங்க. மாத்த மறந்துட்டாங்க போல."

"வேணும்னே செஞ்சிருப்பாங்களா? என் கஸ்டமரை அந்த ஷார்ஜாக் கடைக்காரங்களுக்குக் கொடுத்திருந்தா?"

அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "அவ்வளவு கவனம் இருந்திருந்தா ஒழுங்காவே செஞ்சிருப்பாங்களேங்க. முப்பத்தெட்டுப் பக்கத்தை நாலு பேரு பிரிச்சுச் செஞ்சிருப்பாங்க. யாரும் மொத்தமா ஒரு தடவ தட்டிப் பார்க்கல. நீங்களும் பார்க்கலீங்க."

அது சுருக்கென்றது. உண்மைதான். பிறகு கேட்டேன், அன்றைக்கு ஏன் அந்தத் தாளைப் படம் பிடித்தீர்கள் என்று.

"இதுக்கு முன்னால ரெண்டு பேரு என் தாளை வாங்கிட்டுப் போயி வேற ஆள்கிட்டக் காட்டிச் செஞ்சுக்கிட்டாங்க. நீங்களும் கொண்டு போவீங்கன்னு தோணுச்சுங்க" என்றார். "கொண்டு போனீங்களா?"

"கொண்டு போனேன்."

தலையாட்டினார். ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

கம்பெனிக்கு நான்கு முறை போன் செய்து, ஒரு நாள் நேரிலேயே போய் உட்கார்ந்த பிறகு, அந்தச் சோதனை மெயிலில் கிடந்ததையெல்லாம் ஒரு ஃபைலாக அனுப்பினார்கள். அறுபத்தொரு மெசேஜ். நான் மேசை முன் உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தேன். இடுப்பளவு, உயரம், கல்யாணம், வளைகாப்பு, அலுவலக விழா, பதில் இல்லை, ஏன் பதில் இல்லை. நாற்பதுக்கு மேல் எங்கோ அது இருந்தது. கராமாவிலிருந்து வேறொரு பெண். இரண்டு முறை எழுதியும் பதில் இல்லாததால் செவ்வாய்க்கிழமை மதியம் சேலையோடு நேரிலேயே வருகிறேன் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, அன்று சாயங்காலத்து மெசேஜ்: 'வந்தேன், வீட்டில் ஆள் இல்லை. எதிர் வீட்டு அம்மா மாலையில் வரச் சொன்னார். எனக்கு நேரம் இல்லை, வேறு இடத்தில் கொடுத்துவிட்டேன்.'

அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினேன். அவர் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. தாளை நீட்டினேன். வாசலில் நின்றபடியே வாசித்தார்.

"நான் தப்பாப் பேசிட்டேன் அக்கா" என்றேன்.

"இந்தத் தாள் கிடைக்காட்டி?" என்று கேட்டார்.

தாள் கிடைக்காவிட்டால் அங்கே வந்து நின்றிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

"எனக்குக் கோவம் இல்லை அக்கா. ஆனா உடன வந்து அந்த மேசையில நிக்க ஏலாது. யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். தாளைத் திருப்பித் தரவில்லை.

ஒன்பது நாள் யோசித்தார். பத்தாம் நாள் காலை அவரே வந்து தட்டினார். உட்காராமல் நின்றுகொண்டே தன் நிபந்தனைகளைச் சொன்னார். வரும் ஆர்டர் எல்லாம் இரண்டு பேர் போனுக்கும் ஒரே நேரத்தில் வர வேண்டும். தெரியாத சனத்தின் படங்களை எடுக்க வேண்டும். "வளைகுடா முழுக்க எண்டு போடாதேங்கோ. கூரியர் போய் வாற இடம் எதுவோ அதை மட்டும் போடுங்கோ. அந்த ரியாத் மனிசன்ர கதையைக் கேட்டதில இருந்து எனக்குச் சரியில்லை." நான் எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

கோயம்புத்தூர்க்காரர் பழையதை இறக்கிவிட்டுப் புதிதாகச் செய்தார். இந்த முறை மூன்று போதாது, நான்கு வேண்டும் என்றார். என் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும், உடனே காரணம் சொன்னார். "சேலையக் குடுக்கறவங்களுக்கு யார்கிட்டக் குடுக்கறோம்னு தெரியணுமுங்க. அதுக்கு ஒரு பக்கம்." அந்தப் பக்கத்துக்கு எங்கள் முகம் வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டோம். மேசையையும், அதன் மேல் கொசுவம் எடுக்கும் நான்கு கைகளையும் படம் எடுத்தார். கீழே, நாங்கள் இரண்டு பேர், எங்கள் வீட்டில் இருந்து இந்த வேலையைச் செய்கிறோம் என்று எழுதினோம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் நானே தட்டிப் பார்த்தேன். அக்காவும் தன் போனில் தட்டிப் பார்த்தார். பாஸ்வேர்டை மூன்று பேரும் எழுதி வைத்துக்கொண்டோம்.

ஆர்டர்கள் உடனே கொட்டவில்லை. அந்த மெசேஜ்களை எழுதியவர்களில் இன்னும் தேதி தாண்டாதவர்களுக்கு நான் ஒவ்வொருவராகப் போன் செய்தேன். சிலர் திட்டினார்கள், சிலர் சேலை அனுப்பினார்கள். ரியாத் நம்பருக்கும் இரண்டு முறை முயன்றேன். ஊருக்குப் போயிருப்பார், எடுக்கவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் பழைய அளவுக்கு வந்தோம். இப்போது அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

அக்கா மறுபடியும் என் மேசையருகில்தான் நிற்கிறார். ஆனால் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. தினமும் மணியடித்துத்தான் வருகிறார். வந்ததும் அயர்ன் பாக்ஸ் சூடாவதற்குள், முந்தைய நாள் வந்த ஆர்டர்களைத் தன் போனில் இருந்து ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் என் போனில் சரிபார்ப்பேன். அளவு தவறாமல் இருக்கத்தான் இது என்று இருவரும் சொல்லிக்கொள்கிறோம்.

போன வாரம் ஒரு நாள் அவர் ஐந்து வாசித்து நிறுத்தினார். என்னுடையதில் ஆறு இருந்தது.

"ஆறாவது?" என்றேன்.

"என்ர போனில அஞ்சுதான் அக்கா."

அவர் என் போனைப் பார்த்தார், நான் அவருடையதைப் பார்த்தேன். அயர்ன் பாக்ஸில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் போனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். கையை நீட்டிப் பிடித்தபடி சிறிது நேரம் நின்றார். பிறகு அங்கிருந்தே, "வந்திட்டுது, அல் நஹ்தா, ரெண்டு பட்டுச் சேலை" என்றார்.

நான் இடுப்பளவை வாசித்தேன். அவர் உள்ளே வந்து எழுதிக்கொண்டார்.